"விலகிக்கொள்ளும்" என்று எழுதிய உதவிப் பக்கம்

புதுசா வந்திருக்க புள்ளைகளா, லேப்டாப்ப மொதல்ல மூடி வைங்க. நான் பேசிக்கிட்டிருக்கும்போது எவனாவது தட்டிக்கிட்டிருந்தா எனக்குச் சுள்ளுன்னு கோவம் வரும். ரிட்டயர் ஆகியும் அது மட்டும் போக மாட்டேங்குது.

எப்படி எழுதணும், படத்த எங்க வைக்கணும், எந்த எழுத்த எந்த அளவுல போடணும், இதுக்கெல்லாம் ஆபீசுலயே விதிமுறை குடுத்திருப்பாக. அத நீங்களே படிச்சுக்கங்க. நான் சொல்ல வந்தது அதுல இல்லாத விஷயம். ஒரு கட்டளைக்குக் கீழ நீங்க எழுதுற வரிய நம்பி முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தி பட்டன அமுக்குறா. அப்படி அமுக்குன ஒரு புள்ளையப் பத்தித்தான் சொல்லப் போறேன். எனக்கு இத நெனச்சா இன்னமும் மனசு ஆற மாட்டேங்குது. அதனால நடுவுல கொஞ்சம் கத்துனாலும் கண்டுக்காதீக.

நான் பெரியபட்டினத்துக்காரி. எங்க வீட்டு ஆம்பளைக எல்லாம் சவுதிக்கும் துபாய்க்கும் ஃப்ளைட் ஏறுனாக. நான் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். இங்கன ஒரு சின்ன கம்பெனி, தமிழ்லயே வேலை செய்யிற வெர்ஷன் கண்ட்ரோல் சாஃப்ட்வேர் பண்ணிக்கிட்டிருந்துச்சு. அதுக்கு உதவிப் பக்கம் எழுதுற வேலை எனக்கு. "அது என்னம்மா சாஃப்ட்வேர்?"னு எங்க அத்தா கேட்டப்ப நான் இப்படித்தான் சொன்னேன்: ஒரு வேலையப் பல பேரு சேந்து செய்யும்போது, யாரு எப்ப எத மாத்துனாகன்னு படிப்படியாப் பத்திரப்படுத்தி வைக்கும். தப்பாப் போனா முந்துன படிக்குத் திரும்பிப் போயிரலாம். ஆனா ஒரு ஃபைல "இத நீ பாத்துக்க"ன்னு அதுகிட்ட ஒப்படைச்சிருக்கணும். ஒப்படைக்காத ஃபைலு பக்கத்துலயே கெடந்தாலும் அதுக்கு அந்நியந்தான். அத்தா கேட்டுட்டு, "அப்ப அது நல்ல கணக்குப்பிள்ளை"ன்னாக. சரிதான்னு விட்டுட்டேன்.

எங்க ஓனரு பேரு வேணாம். ஓனருன்னு சொன்னாலே அவருக்குப் பிடிக்காது, எல்லாரும் "அண்ணே"ன்னுதான் கூப்பிடணும். திருப்பாலைக்குடியில கடலுக்குப் போற குடும்பத்துல பொறந்து, படிச்சு, வெளியூரெல்லாம் வேலை பாத்துட்டு, நம்ம ஊருலயே ஒரு கம்பெனி நடத்திக் காட்டணும்னு வந்தவரு. எனக்கு எழுதச் சொல்லிக் குடுத்ததும் அவருதான். நான் எழுதிக் கொண்டு போறத வாய்விட்டு வாசிப்பாரு. மூச்சு முட்டுற எடத்துல நிறுத்தி, "இங்கன வெட்டு"ம்பாரு. படிக்கிறவன் நாலு கவலையோட வாரான், அவன நிக்க வச்சு இலக்கணம் காட்டாதம்பாரு. அம்புட்டு நல்ல ஆசிரியரு. அதனாலதான் அவரப் பத்தி இதச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரமாட்டேங்குது.

அவருக்கு ஒரு பிடிவாதம். "அழி", "அழியும்", "போச்சு", இந்த மாதிரி வார்த்தை எதுவும் நம்ம சாஃப்ட்வேர்ல வரக்கூடாது. காரணம் உங்களுக்கே தெரியும், சொன்னா பலிச்சிரும்னு ஒரு பயம். கடலுக்குக் கெளம்புற மனுசன "எங்க போறீக?"ன்னு யாரும் கேக்க மாட்டாக. கெளம்புறவரும் "போறேன்"னு சொல்ல மாட்டாரு, "வாரேன்"னுதான் சொல்லுவாரு. எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுது? அரிசி தீந்துபோச்சுன்னு எங்க உம்மா வாயால சொல்லி நான் கேட்டதில்ல. "அரிசி நெறைஞ்சிருக்கு"ம்பாக. அத்தா உடனே பையத் தூக்கிக்கிட்டுக் கடைக்குக் கெளம்பிருவாக. வீட்டுக்குள்ள அது அழகுதான். ஏன்னா சொல்றவுகளுக்கும் தெரியும், கேக்குறவுகளுக்கும் தெரியும்.

அப்பத்தான் எங்க சாஃப்ட்வேர்ல "தூய்மை"ன்னு ஒரு கட்டளை புதுசாச் சேந்துச்சு. நீங்க ஒப்படைக்காம போல்டர்ல கெடக்குற ஃபைல எல்லாத்தையும் ஒரே தட்டுல தொடச்சு எடுத்துரும். குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. "அழிந்துவிடும்"னு நான் எழுதுன வரிய அண்ணே வாங்கிப் பாத்தாரு. மொகம் சுருங்கிருச்சு. அடிச்சுட்டு அவரு கையாலயே எழுதினாரு: "பணியிடத்தைத் தூய்மையாக வைத்திருக்க இந்தக் கட்டளை உதவும். தேவையற்ற கோப்புகள் விலகிக்கொள்ளும்."

வாசிச்சுப் பாருங்க, எம்புட்டு அழகா இருக்கு! எனக்கு மண்டைக்குள்ள சுர்ருன்னு ஏறிருச்சு.

"விலகிக்கிட்டு எங்கனண்ணே போய் நிக்கும்?"னு கேட்டேன்.

"என்னம்மா, குதர்க்கமாப் பேசுற?"

"படிக்கிறவுக கேப்பாகள்லண்ணே. விலகுனது திரும்பி வருமா வராதா?"

"வராது. அது யாருக்குத் தெரியாது? இந்தக் கட்டளைய ஓட்டுறவன் தெரிஞ்சுதான் ஓட்டுவான். தெரியாதவன் அந்தப் பக்கமே வரமாட்டான்."

நான் விடல. தேவையற்றதுன்னு யாரு சொன்னா, ஒப்படைக்காததெல்லாம் தேவையில்லாததா, ஏன் இப்படி எழுதணும்னு கேட்டேன். புரோகிராம் எழுதுற பசங்க வேடிக்கை பாத்தாங்க. அதுல ஒருத்தன், "அக்கா, கட்டளைய ஓட்டுறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேரே ஒரு தடவ கேக்கும்க்கா, 'தூய்மை செய்யலாமா? ஆம், இல்லை'ன்னு"ன்னான். "அட கூறுகெட்டவனே, தூய்மை வேணாம்னு யாருடா சொல்லுவா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணேயும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு, "விடும்மா, நம்ம சனங்க கையில குடுக்குற சாமான். மங்களமான வார்த்தையாத்தான் இருக்கணும்"னு சொல்லி முடிச்சுட்டாரு. கம்பெனி அவரோடது. அந்த வரி அப்படியே வெளிய போச்சு.

இப்ப ஜான்சிக்கு வாரேன்.

ஜான்சி தங்கச்சிமடத்துப் புள்ள. அவ அய்யா, அதான் அப்பா, விசைப்படகு டிரைவரு. இஞ்சினியரிங் முடிச்சுட்டு, ஊர விட்டுப் போக மாட்டேன், இங்கன இருந்தே புரோகிராம் எழுதுவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. எங்க சாஃப்ட்வேரப் பழகிக்கிறதுக்கு ராமநாதபுரம் வந்தப்பதான் எனக்குப் பழக்கம். நான் எழுதுன பக்கத்துலயே தப்புக் கண்டுபிடிச்சு, "அக்கா, மூணாவது படியில பட்டன் பேரு மாறியிருக்கு"ன்னா. அன்னைக்கே எனக்கு அவளப் பிடிச்சுப்போச்சு.

அவ பண்ணிக்கிட்டிருந்த ஆப் என்னன்னா, கடலுக்கு அடியில எங்கெங்க பாறை இருக்குன்னு காட்டுறது. அந்தப் பாறைய நம்ம பக்கம் "பாரு"ன்னு சொல்வாக. இழுத்துக்கிட்டுப் போற வலை அதுல மாட்டுனா கிழிஞ்சு நாராப் போயிரும். எந்த எடத்துல மாட்டும்னு ஒவ்வொரு டிரைவருக்கும் அவரவரு பட்ட அனுபவம் உண்டு, ஜி.பி.எஸ்.ல பாயிண்ட் போட்டு வச்சிருப்பாக. ஆனா அடுத்தவனுக்குச் சொல்ல மாட்டாக. ஏன்னா பாரு ஓரத்துலதான் மீனும் இருக்கும். பாரு இருக்க எடத்தச் சொன்னா மீனு இருக்க எடத்தச் சொன்ன மாதிரி.

இந்தப் புள்ள மீன்பிடித் தடைக்காலத்துல, படகெல்லாம் கரையில நின்னு பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருக்கும்போது, ஒவ்வொரு டிரைவராப் போய்க் கேட்டிருக்கா. "யாரு குடுத்த பாயிண்ட்டுன்னு வெளிய வராது, இங்கன ஆபத்துன்னு மட்டுந்தான் காட்டும், மாதா மேல சத்தியம்"னு சொல்லிச் சொல்லி வாங்கியிருக்கா. "எந்திரிச்சுப் போ தாயி"ன்னவுககூடக் கடைசியில ஜி.பி.எஸ். பெட்டியக் கழட்டி அவ கையில குடுத்திருக்காக. இந்தக் கரையில அது சாமானியப்பட்ட காரியமில்ல.

வாங்குன பாயிண்ட்டையெல்லாம் அவ சாஃப்ட்வேர்ல ஒப்படைக்காம, அதே போல்டருக்குள்ள தனி ஃபைலா வச்சிருந்தா. சோம்பேறித்தனத்துல இல்ல. ரெண்டு பேரு சொல்றது ஒத்துப்போகுதான்னு சரிபாத்துட்டுத்தான் உள்ள சேக்கணும், தப்பான பாறை ஒண்ணு உள்ள போயிட்டா எவன் படகாவது அதை நம்பிப் போயி மாட்டிக்கிரும்னு பயந்திருக்கா. கவனமான ஆளுகதான் ஒப்படைக்கத் தயங்குவாக, புள்ளைகளா. இத மறக்காதீக. அவசரக்காரன் எல்லாத்தையும் அப்பவே உள்ள தள்ளிருவான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது.

தடைக்காலம் முடியப்போற நேரம். சர்ச்சுக்குப் பக்கத்து ஹால்ல டிரைவர்களையும் படகு ஓனர்களையும் கூப்பிட்டு ஆப்ப ஓட்டிக் காட்டப்போறா. பாத்துட்டுச் சரின்னாகன்னா எல்லாப் படகுலயும் அதப் போட்டுக்கிட்டுக் கடலுக்குப் போவாக. அவளும் ஊர்லயே இருந்துக்கலாம். அதுதான் அவ கட்டிக்காத்துக்கிட்டிருந்த ஆசை. அன்னைக்குக் காலையில வேற கம்ப்யூட்டருக்கு ஏத்துறதுக்கு முன்னாடி போல்டரச் சுத்தமா வைப்பமேன்னு உதவிப் பக்கத்தத் தெறந்திருக்கா. படிச்சிருக்கா. ஒழுங்காப் படிச்சுட்டுத்தான் ஓட்டியிருக்கா. "தூய்மை செய்யலாமா?"ன்னு கேட்டதுக்கு "ஆம்"னு அமுக்கியிருக்கா.

எனக்கு ஃபோன் வந்துச்சு. குரல்ல ஒரு பதட்டமும் இல்ல.

"அக்கா, விலகிப் போன ஃபைலெல்லாம் எங்கனக்கா இருக்கும்? தேடித் தேடிப் பாக்குறேன், அந்த போல்டர் மட்டும் கண்ணுல பட மாட்டேங்குது."

யா அல்லாஹ்! அண்ணே பக்கத்துலதான் நிக்கிறாரு. என் மொகத்தப் பாத்தே அவருக்கு வெளங்கிருச்சு. "பாப்போம்னு சொல்லும்மா, பயமுறுத்தாத"ன்னு கையக் காட்டுறாரு. ஒரு நிமிசம் எனக்கும் அதுதான் வாயில வந்துச்சு. பாப்போம், பண்ணிரலாம், கவலப்படாத. ஆனா அப்படிச் சொன்னா அவ லேப்டாப்ப நோண்டிக்கிட்டே இருப்பா. நோண்ட நோண்ட, மீட்கக் கெடைக்கிற கொஞ்சநஞ்சமும் போயிரும்.

"ஜான்சி, கேளும்மா. அது எங்கயும் போய் நிக்கல. அழிச்சிருச்சு. நீ இப்பவே லேப்டாப்ப ஆஃப் பண்ணு. ஒண்ணுத்தையும் தொடாத. நாங்க வாரோம். மீட்க முடியுமான்னு முயற்சி பண்ணுவோம். ஆனா அத நம்பி இருக்காத."

"அழியும்னு போடலையேக்கா"ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா.

அண்ணேயும் நாங்களும் காரெடுத்துக்கிட்டு கடல் பாலத்தத் தாண்டித் தங்கச்சிமடத்துக்கு ஓடுனோம். பசங்க ரெண்டு பேரு அவ லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு என்னென்னமோ பண்ணாங்க. ஃபைலோட பேருக வந்துச்சு. தெறந்தா உள்ள ஒண்ணுமில்ல. ஜி.பி.எஸ். பெட்டியெல்லாம் படகுல மாட்டிப் பூட்டியாச்சு, ஐஸ் ஏத்திக்கிட்டிருக்காக. திரும்பப் போய் ஒவ்வொருத்தரையாக் கேக்க நேரமில்ல. சாயந்தரம் கூட்டம்.

தள்ளி வச்சிரும்மான்னு அவ அய்யா சொன்னாரு. அவ கேக்கல. "வரச் சொல்லிட்டு ஒளியக் கூடாதுய்யா"ன்னுட்டு ஹாலுக்கு நடந்தா. மைக்கப் பிடிச்சு, நீங்க குடுத்த பாயிண்ட்டெல்லாம் என் கையால அழிஞ்சுபோச்சு, என்னைய மன்னிச்சிருங்கன்னு சொன்னா.

பின்னாடியிருந்து ஒரு டிரைவரு, "கம்ப்யூட்டருல போட்டது எப்படித் தாயி அழியும்?"னாரு. இன்னொருத்தரு, "எவனுக்குக் குடுத்த?"ன்னாரு. அவ்வளவுதான், ஹாலு பத்திக்கிச்சு. ஜான்சியோட அய்யா எந்திரிச்சு, "ஏலே, எம்புள்ளையப் பாத்தால கேக்குற? நாக்கு அழுகிரும்ல"ன்னு பாயிறாரு. அவரோடயே கடல்ல கெடந்து எந்திரிச்சவுக, அவரப் பாத்து, "உனக்கு மட்டும் எடுத்து வச்சுக்கிட்டியாண்ணே?"ன்னு கேக்குறாக. அந்த மனுசன் அப்படியே உக்காந்துட்டாரு.

என்னால தாங்க முடியல. நான் எந்திரிச்சு, "அவ மேல தப்பில்ல. எங்க சாஃப்ட்வேரு, எங்க பக்கம். அதுல தெளிவா எழுதல. அதப் பாத்துத்தான் அவ செஞ்சா"ன்னேன்.

"அந்தப் பக்கத்தக் காட்டுங்க"ன்னு ஒரு எளவட்ட டிரைவரு கைய நீட்டுனாரு. என் ஃபோன்லயே தெறந்து குடுத்தேன். அவரு மைக்குல வாசிச்சாரு. நல்லாத்தான் வாசிச்சாரு. "தேவையற்ற கோப்புகள் விலகிக்கொள்ளும்."

வாசிச்சுட்டு என்னைய நிமிந்து பாத்தாரு. "விலகிக்கிரும்னுதானே போட்டிருக்கு? அழியும்னு போடலையே. அப்ப எங்கனயோ இருக்கு. ஏன் பொய் சொல்றீக?"

முன் வரிசையில வயசான ஒருத்தரு. கடைசி வரைக்கும் தர மாட்டேன்னு நின்னு, அப்புறம் பெட்டியக் கழட்டிக் குடுத்தவராம். அவரு கத்தல. "எங்க பாயிண்ட்டெல்லாம் தேவையத்ததாம்மா?"ன்னு மட்டும் ஜான்சியக் கேட்டாரு.

அண்ணே மைக்க வாங்குனாரு. நான் அவர அந்தக் கோலத்துல அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, பின்னாடியும் பாத்ததில்ல. "அய்யாமாரே, நான் திருப்பாலைக்குடி. நானும் கடக்கரைக்காரந்தான். கெட்ட வார்த்தை வேணாம்னு ஒரு மரியாதைக்கு அப்படி எழுதுனேன். அழியும்னுதான் அதுக்கு அர்த்தம்"னாரு. "இருக்குன்னு எழுதிட்டு இல்லன்னு அர்த்தமா? யாருக்குய்யா காது குத்துற?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. சனம் எந்திரிச்சுப் போக ஆரம்பிச்சிருச்சு. ஆப்ப யாரும் பாக்கல. ஜான்சி நாற்காலிய ஒவ்வொண்ணா மடக்கி அடுக்கிக்கிட்டிருந்தா. நான் கிட்டப் போய்க் கையப் பிடிச்சேன். மெதுவா எடுத்துக்கிட்டா.

அவளுக்கு நாங்க துரோகம் பண்ணிட்டோம். வேற வார்த்தை எனக்குத் தெரியல. அவளக் காப்பாத்த வேண்டிய வரி, ஊருக்கு முன்னாடி அவளுக்கு எதிரா சாட்சி சொல்லிருச்சு.

மறுநாள் ஆபீசுல அண்ணே என்னையக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி, நீயே மாத்தி எழுதிரும்மா"ன்னாரு. மாத்துனேன். பட்டன் கேக்குற கேள்வியையும் பசங்க மாத்துனாங்க. வாதத்துல நான் ஜெயிச்சுட்டேன்னு வேணா சொல்லிக்கலாம். வெக்கங்கெட்ட ஜெயிப்பு! அதுக்கப்புறம் அவரு எந்தப் பக்கத்தையும் வாய்விட்டு வாசிக்கல. கொண்டு போய்க் குடுத்தா, "நீ பாத்தியா? அப்ப சரி"ன்னு திருப்பிக் குடுத்துருவாரு. அம்புட்டு நல்லாத் தமிழ் எழுதுன மனுசன்! எனக்கு அந்த மூச்சு முட்டுற எடத்துல நிறுத்த இன்னைக்கு ஆளில்ல.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். வீட்டுல எப்படி வேணா பேசிக்கங்க. நானும் இப்பவும் எங்க வீட்டுல அரிசி நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்றேன். ஆனா உதவிப் பக்கம் படிக்கிறவ உங்க வீட்டாளு இல்ல. உங்க மொகத்தப் பாத்து அவளால அர்த்தம் எடுத்துக்க முடியாது. எது போகும், திரும்ப வருமா வராதா, இந்த ரெண்டையும் கட்டளைக்கு முன்னாடியே சொல்லிருங்க. கேக்க நல்லா இல்லைன்னு யாராவது சொன்னா, நல்லா இல்லாததத்தான் சொல்றோம்னு சொல்லுங்க. அதுக்காகச் சண்ட போட வேண்டி வந்தா போடுங்க. வேலை போயிருமோன்னு பயப்படாதீக, உங்க வயசுக்கு வேலை கெடைக்கும்.

அடுத்த தடைக்காலத்துல ஜான்சி மறுபடியும் படகு படகாப் போயிருக்கா. ஒருத்தரும் வைய்யல. ஒருத்தரும் முடியாதுன்னு சொல்லல. உக்காரு தாயி, டீ குடி தாயி, அய்யா சொகமா இருக்காகளா, பாயிண்ட்டா, அதுக்கென்ன, அப்புறம் பாத்துக்கிரலாம் தாயின்னு சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்காக. தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கடலுக்குப் போயிருச்சு. அவ சென்னையில ஒரு கம்பெனியில சேந்துட்டா.

அப்புறம் ஒரு தடவதான் பாத்தேன். சர்ச்சுத் திருவிழாவுக்கு வந்துட்டுத் திரும்புறா, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா. மெலிஞ்சிருந்தா. நல்லாத்தான் பேசுனா, ஹாஸ்டல் சாப்பாடப் பத்தி, மேனேஜரப் பத்தி. சட்டுன்னு, "அந்த வரிய மாத்திட்டீகளாக்கா?"ன்னு கேட்டா.

"மாத்திட்டோம்மா."

"என்னன்னு எழுதியிருக்கீக?"

ஃபோன்ல தெறந்து காட்டுனேன். வாங்கி வாசிச்சா. "நீங்கள் இதுவரை ஒப்படைக்காத கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும். அவை திரும்பக் கிடைக்காது." மறுபடியும் ஒரு தடவ மெதுவா வாசிச்சா.

"இவ்வளவுதானாக்கா?"ன்னா. கோவமாக் கேக்கல, நெசமாத்தான் கேட்டா. "இத எழுதுறதுல உங்களுக்கு என்னக்கா கஷ்டம் இருந்துச்சு?"

சென்னை பஸ் வந்துச்சு. ஃபோன என் கையில குடுத்துட்டு ஏறிட்டா.